மோகனசுந்தரத்துக்கு அந்த நோய் வேண்டாம்

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நாடகம் போடும் தம்பி, தங்கைகளுக்கு,

பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிவரை ஒத்திகை பார்த்து, கைக்காசைப் போட்டு மேடை ஏறுகிறவர்கள் நீங்கள். உங்களைத் தூரத்தில் இருந்து பார்த்துப் பெருமைப்படுகிறவர்களில் நானும் ஒருவன். உங்களில் ஒரு குழு ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை மறுபடி மேடையேற்றப் போவதாகக் கேள்விப்பட்டேன். இன்னொரு குழு புதிதாக ஒரு குடும்ப நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறதாம். அந்தக் குழுவில் இருக்கும் பையன் ஒருவனைப் போன வாரம் அம்மா மண்டபத்தில் பார்த்தேன். கதையைச் சொன்னான். மூத்த மகன் பெண்பித்தன், வீட்டுச் சொத்தை அழிக்கிறான், பெண்டாட்டியை அழவைக்கிறான். கடைசிக் காட்சியில் அவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லையாம். “ஏதாவது பெரிய வியாதி குடுத்துடலாமா சார்?” என்று கேட்டான்.

அமாவாசைக் கூட்டம். படித்துறையில் நின்று பேச முடியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவனுக்குச் சொல்லாத பதிலை இப்போது உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் திருவானைக்காவல்காரன். தொழுநோய் ஒழிப்புப் பணியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் களப்பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னும், வேலைக்கு நடுவிலும் நாடகம் போட்டவன். இந்த இரண்டு வாழ்க்கையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நடிகவேளைப் பற்றி. எம்.ஆர். ராதாவை நம் ஊர் மனிதர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. பிறந்தது சென்னையில்தான். ஆனால் நம் ஊர்ச் சங்கிலியாண்டபுரம் அவர் பேர் சொல்லும். 1979 செப்டம்பர் 17-ம் தேதி அவர் கண்ணை மூடியதும் இந்தத் திருச்சியில்தான். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தை 1940களின் கடைசியில் தொடங்கி ஊர் ஊராக, ஆண்டுக்கணக்கில் நடத்தினார். 1954-ல் நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் தயாரிக்க, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கி, அது படமாகவும் வந்தது. தெலுங்கில் நாகபூஷணம் என்ற நடிகர் இதே நாடகத்தை மேடை மேடையாகப் போட்டு, நாடகத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு வலுவான பாத்திரம் மோகனசுந்தரம்.

அவன் யார்? வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. ஊர், உறவு, உடுப்பு, சாப்பாடு எல்லாமே அவனுக்கு இளப்பம். பெற்ற தாயை மதிப்பதில்லை. கிராமத்தில் வளர்ந்த சந்திராவைக் கட்டிக்கொண்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், காந்தா என்ற தாசியின் வீட்டிலேயே கிடக்கிறான். சொத்து கரைகிறது. பிறகு தொழுநோய் வருகிறது. காந்தா துரத்துகிறாள். பார்வை போய், விரல் மடங்கி, தெருவில் பிச்சை எடுக்கிறான்.

நடிப்பவர்கள் அந்தப் படத்தை மறுபடி ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். மோகனசுந்தரத்தை ராதா வில்லனாக நடிக்கவே இல்லை. அவன் புத்திசாலி, நகைச்சுவை உள்ளவன், வாயைத் திறந்தால் சபை அவன் பக்கம் போய்விடும். சிகரெட்டைப் பிடிக்கும் விதத்திலேயே ‘நான் இந்த ஊருக்குப் பெரியவன்’ என்கிற எண்ணம் தெரியும். வீட்டில் அட்டூழியம் செய்கிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரித்துவிட்டோமே என்று அடுத்த நொடி உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் ராதாவின் சாதனை. நோய் வந்து பிச்சைக்காரனான பிறகும் அவன் திமிர் முழுசாகப் போவதில்லை, போகிற வருகிறவனை வம்புக்கு இழுக்கிறான். தமிழ் மேடையில் அதற்கு முன்னால் இருந்த மைனர் வேஷங்களை எல்லாம் அது ஒரே வீச்சில் பழசாக்கிவிட்டது. ஜிப்பா, தங்கச் சங்கிலி, வாய் நிறைய வெற்றிலை, அத்தர் வாசனை என்று ஒரு அச்சில் வார்த்து வைத்திருந்தார்கள் மைனரை. ராதா அந்த அச்சை உடைத்து, உள்ளே இருந்த மனிதனை வெளியே எடுத்தார்.

இதையெல்லாம் மனசாரச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். அந்த நாடகம் அவனுக்குக் கொடுத்த தண்டனை தப்பு.

எனக்கு இருபத்திரண்டு வயதில் நாங்களும் ஸ்ரீரங்கத்தில் ஒரு குடும்ப நாடகம் போட்டோம். மூத்த மகன் வேஷம் எனக்கு. ரத்தக்கண்ணீரைப் பார்த்து எழுதியதுதான், பெயர்களை மட்டும் மாற்றியிருந்தோம். இடைவேளைக்குப் பிறகு எனக்கு ‘பெருநோய்’ மேக்கப். பஞ்சைப் பிய்த்து, கோந்தில் ஒட்டி, அதன்மேல் அரிதாரத்தையும் குங்குமத்தையும் குழைத்துப் பூசினார்கள். காய்ந்ததும் முகம் இறுகும். விரல்களை மடக்கி நூலால் கட்டி, மேலே கந்தல் சுற்றினார்கள். நான் திரையை விலக்கிக்கொண்டு வந்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. அன்றைய ராத்திரி தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷம்.

இரண்டு வருஷம் கழித்து அரசாங்க வேலை கிடைத்தது. பயிற்சிக்குப் போன முதல் வாரமே, மடங்கிய விரல்களை உடைய ஒரு பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து, தன் கையை மேஜைமேல் நீட்டினார். நான் நூலால் கட்டி நடித்த அதே கை. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே சுருண்டிருந்தன. முழங்கைக்குப் பின்னால் போகும் நரம்பு செத்துப்போனால் அப்படித்தான் சுருளும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெரியவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் உழைத்தவர். காந்தா வீடும் தெரியாது, வெளிநாடும் தெரியாது.

அதற்கப்புறம் எத்தனையோ கைகளைப் பார்த்தேன். ஆனால் ஒரே ஒரு வீட்டை மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வீடு வீடாகப் போய் எல்லாரையும் சோதித்துப் பார்த்த காலம். லால்குடிப் பக்கம் ஒரு கிராமம், வாய்க்கால் ஓரமாக ஓட்டு வீடு. திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். முதுகில் இரண்டு இடத்தில் நிறம் வெளிறிய படை. “தேமல்தாங்க, வேர்வைல வர்றது,” என்றார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். பேனா முனையால் லேசாகத் தொட்டு, நான் தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். தோளில் தொட்டேன், உடனே காட்டினார். கழுத்தில் தொட்டேன், காட்டினார். படையின் நடுவில் தொட்டேன். அவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார். “தொடுங்க சார்,” என்றார். நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் மனைவி நிலைப்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இது குணமாகுமா என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒட்டுமா என்றும் கேட்கவில்லை. வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க சார்,” என்றார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு என் பஞ்சும் கோந்தும் ஞாபகம் வந்தது. முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்ட பெண்களும் ஞாபகம் வந்தார்கள். அந்த அம்மாள் எங்கள் நாடகத்தைப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் ‘இந்த நோய் அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் வரும்’ என்ற நினைப்பை யாரோ அவர் மனதில் போட்டிருக்கிறார்கள். புருஷனுக்கு நோய் என்று தெரிந்த அந்த நிமிஷத்தில் அவர் முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை, புருஷனின் ஒழுக்கத்துக்குச் சாட்சி சொல்வது.

நாடகக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் கொஞ்சம்தான். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்தார். அது பாலியல் நோய் அல்ல. பெரும்பாலான மனிதர்களுக்கு அந்தக் கிருமியை எதிர்த்து நிற்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது. சிகிச்சை இல்லாமல் நீண்ட நாள் நெருங்கிப் பழகினால்தான் பரவ வாய்ப்பு. விரல் ‘அழுகி உதிர்வது’ என்பதும் உண்மையில்லை. நரம்பு செத்து உணர்ச்சி போவதால், சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. அந்தக் காயங்கள் புரையோடித்தான் கை கால் குறைகிறது. இதை உலகத்துக்கு விளக்கிச் சொன்னது நம் வேலூரில் வேலை பார்த்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் நிமிர்த்திக் காட்டினார். யோசித்துப் பாருங்கள். இங்கே மேடையில் ராதா விரலை மடக்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அங்கே பிராண்ட் விரலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இங்கே போன கூட்டத்தில் நூறில் ஒரு பங்குக்காவது அங்கே நடந்தது தெரிந்திருக்குமா?

ராதாவின் நடிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரகரத்த குரலைப் பலர் மேடை உத்தி என்று நினைப்பார்கள். மருந்தில்லாத காலத்தில் நோய் முற்றியவர்களுக்குக் குரல்வளையும் பாதிக்கும், குரல் அப்படித்தான் கம்மிப்போகும். இமை மூடாமல் போய்க் கண்பார்வை கெடும். அவர் காட்டிய உடம்பு நிஜ நோயாளியின் உடம்புதான். அதற்கு நாடகம் சொன்ன காரணம்தான் பொய். உடம்பு அவ்வளவு உண்மையாக இருந்ததால் காரணமும் உண்மை என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள்.

எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது ஒன்று உண்டு. தங்கராசுவும் ராதாவும் பகுத்தறிவு இயக்கத்துக்காரர்கள். முன்வினை, பாவம், விதி எல்லாவற்றையும் மேடையில் கிழித்துத் தொங்கவிட்டவர்கள். அவர்கள் நாடகத்தில் போய், நோய் என்பது செய்த பாவத்தின் சம்பளம் என்கிற பழைய நம்பிக்கை எப்படி உட்கார்ந்துகொண்டது?

நம் ஊர்க் கதைகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது. ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிய விப்ரநாராயணர், தேவதேவி என்ற கணிகையிடம் மயங்கி எல்லாவற்றையும் இழந்தார். பொன்வட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்மேல் விழுந்த திருட்டுப் பழியையும் துடைத்து, அவரைத் தொண்டரடிப்பொடியாழ்வாராக எழுப்பி நிறுத்தியவர் பெருமாள். மார்கழியில் இன்றைக்கும் அந்த ஆழ்வார் பாடிய திருப்பள்ளியெழுச்சி கேட்டுத்தான் ஸ்ரீரங்கம் விழிக்கிறது. நமக்கு மேற்கே வயலூர். பெண்களிடம் பொருளை எல்லாம் தொலைத்து, உடம்பு முழுக்க நோய் பிடித்து, திருவண்ணாமலைக் கோபுரத்தில் இருந்து குதித்த அருணகிரியை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது கதை. அவர் திருப்புகழ் பாட வயலூர் முருகன் அருளினான் என்பதால்தான் அந்தக் கோயிலுக்கு அவ்வளவு பேர். இந்த இரண்டு கதையிலும் தடம் மாறிய ஆளைக் கைதூக்கிவிட மேலே ஒருவர் இருக்கிறார்.

பகுத்தறிவு மேடையில் அப்படி ஒருவரைக் கொண்டுவர முடியாது. மன்னிக்கவும் ஆள் இல்லை, தண்டிக்கவும் ஆள் இல்லை. அந்தக் காலியிடத்தில் நோயைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். கடவுளை வெளியே அனுப்பிய மேடைக்குள், அருணகிரி கதையில் இருந்த நோய் மட்டும் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. முருகன் வரவில்லை. அதனால் மோகனசுந்தரத்துக்கு மீட்சியும் இல்லை. தன் உருக்குலைந்த உடம்பைச் சிலையாக வைத்து, பார்க்கிறவர்கள் பாடம் படிக்கட்டும் என்கிறான். அந்தச் சிலை சினிமா கொட்டகையோடு நிற்கவில்லை, தம்பிகளே. நான் போன ஒவ்வொரு ஊரிலும் அது நின்றது. நோயாளி வீட்டைவிட்டு வெளியே வந்தால், முதலில் அந்தச் சிலையைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போக வேண்டும்.

இதே தப்பைப் பிறகும் செய்தோம். 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டு, தொண்ணூறுகளில் ஊர் ஊராக விழிப்புணர்வு நாடகம் போட்டார்கள். நானே சிலதைப் பார்த்தேன். சட்டை மேல்பொத்தான் திறந்த ஒருவன் வருவான், பாடுவான், ஆடுவான், கடைசியில் எலும்பும் தோலுமாகச் சாவான். அவனிடமிருந்து நோயை வாங்கிக்கொண்ட பெண்டாட்டி என்ன பாவம் செய்தாள் என்று அந்த நாடகங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நோயை நீதிபதி ஆக்கினால் இந்தச் சிக்கல் வந்தே தீரும். குற்றவாளி யார், நிரபராதி யார் என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால் உங்கள் நாடகத்து மகனை என்னதான் செய்வது? அம்மா மண்டபத்துப் பையன் கேட்டதற்கு இங்கேதான் வருகிறேன்.

அவன் நின்று கேட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடை இருக்கிறது. கோவலன் இந்த வழியாகத்தான் போனான். புகாரில் மாதவியிடம் குடும்பப் பொருளை எல்லாம் தொலைத்துவிட்டு, கண்ணகியைக் கூட்டிக்கொண்டு, கவுந்தியடிகளோடு நம் அரங்கம் வந்து, ஓடத்தில் காவிரியைக் கடந்து, உறையூரில் தங்கி, மதுரைக்குப் போனான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இளங்கோ அவனுக்கு நோய் கொடுக்கவில்லை. மதுரையில் அவன் வெட்டுப்பட்டுச் சாவதும் மாதவி விஷயத்துக்கான தண்டனை இல்லை, அது செய்யாத திருட்டுக்காக. அவனுக்கான கணக்கு அதற்கு முன்பே, மதுரைக்கு வெளியே இடைச்சேரியில், ஒரு சின்ன வீட்டில் தீர்க்கப்பட்டுவிடுகிறது. கண்ணகி தன் கையால் சமைத்து, இலை போட்டு, அவனைச் சாப்பிட வைக்கிறாள். சாப்பிட்டு முடித்தவன் குற்ற உணர்ச்சி தாங்காமல், உன்னை இப்படி அலைய வைத்துவிட்டேனே என்று வருந்துகிறான். அப்போது அவள் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள், நீ செய்தது நல்லவர்கள் மெச்சும் செயல் இல்லை என்று. அவன் பெற்றோர் பட்ட வேதனையையும், அவர்கள் முன்னால் தான் வலிய வரவழைத்த சிரிப்பையும் சொல்கிறாள். கத்தவில்லை, சாபம் விடவில்லை. அது அவன் கடைசிச் சாப்பாடு.

இந்தக் காட்சிக்கு மேக்கப் வேண்டாம். ஒரு பாய், ஒரு இலை, ஒரு செம்புத் தண்ணீர் போதும்.

ரத்தக்கண்ணீரில் சந்திராவுக்கு அப்படி ஒரு காட்சி கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. புருஷன் உயிரோடு இருக்கும்போதே, அவனே தன் நண்பன் பாலுவிடம் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்வது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். சுயமரியாதை இயக்கம் மேடையில் இருந்து சொன்ன தைரியமான வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனாலும் பாருங்கள், அங்கேயும் முடிவெடுப்பது மோகனசுந்தரம்தான். கைவிட்டதும் அவன், கைமாற்றிக் கொடுப்பதும் அவன். அவளை யாரும் கேட்கவில்லை. உங்கள் சந்திராவைக் கேளுங்கள்.

காந்தாவையும் கேளுங்கள். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது. அந்தச் சமயத்து மேடையில் நிற்கும் காந்தாவுக்குப் பின்னால் ஒரு தாய், அவளுக்குப் பின்னால் இன்னொரு தாய் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அவர்களுக்குப் பிழைப்பு என்று வேறொன்றை யாரும் விட்டுவைக்கவில்லை. பணம் தீர்ந்ததும் துரத்தினாள் என்று மட்டும் காட்டினால் பாதிக் கதைதான். புதிய நாடகத்தில் ‘அந்தப் பெண்’ இப்போது ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவளாக இருக்கலாம். அவளிடமும் அவன் பொய்தான் சொல்லியிருப்பான்.

என் அனுபவத்தில் இப்படிப்பட்ட மகன்கள் நோயால் அழிவதைவிட, வீட்டாரின் உபசாரத்தில் சௌக்கியமாக வாழ்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். களப்பணியில் பல வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு வருகிறவனுக்காக அம்மா தாழ்ப்பாளைப் போடாமல் கதவை ஒருக்களித்து வைத்திருப்பாள். மருமகள் காதில் விழாமல் இருக்க, இருட்டிலேயே சோற்றைத் தட்டில் போட்டு வைப்பாள். அவன் சட்டையைத் துவைப்பதற்கு முன்னால் பையைத் துழாவி, அதில் இருப்பதை மருமகள் கண்ணில் படாமல் அடுப்பில் போடுவாள். “ஆம்பளப் புள்ள, நாலு எடத்துக்குப் போவான் வருவான், நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா,” என்பாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் விஷயம் வெளியே போகக் கூடாது என்று சித்தப்பா வந்து எல்லாரையும் அடக்கிவிட்டுப் போவார். ஒரு பெண்பித்தனை வளர்க்க ஒரு வீடே சேர்ந்து வேலை செய்கிறது. அந்த வேலையை மேடையில் காட்டுங்கள். பார்க்க வந்திருக்கும் அம்மாக்களில் சிலர் அந்த ஒருக்களித்த கதவைப் பார்த்ததும் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள். பஞ்சும் குங்குமமும் கொடுத்த பயத்தைவிட அது ஆழமாக இறங்கும்.

அந்த மகனாக நடிக்கப்போகும் தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெண்களைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்காதே. உதட்டைக் கடிக்காதே. அப்படிப்பட்டவன் வீட்டில் எல்லாரிடமும் பிரியமாக இருப்பான். அம்மாவுக்கு மாத்திரை வாங்கி வருவது அவனாகத்தான் இருக்கும். பெண்டாட்டி அழும்போது அவனுக்கும் கண் கலங்கும், அந்த நேரத்தில் அது நிஜமான அழுகை. அவன் தன்னை நல்லவன் என்று நம்புகிறான். நீயும் அதை நம்பி நடி.

பழைய ரத்தக்கண்ணீரையே போடுகிற குழு என்னிடம் கேட்கலாம், ‘தங்கராசு எழுதியதை மாற்ற எங்களுக்கு என்ன உரிமை?’ என்று. நியாயமான கேள்வி. வசனத்தைத் திருத்தி எழுதுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராதா அந்த நாடகத்தை எப்படி நடத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய செய்தித்தாளில் வந்ததை எல்லாம் அன்று ராத்திரியே மேடையில் பேசுவார். முதல் நாள் பார்த்தவர்கள் மறுநாளும் வந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவருக்கு விசுவாசமாக இருப்பது என்றால், இன்றைய பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறுவதுதான்.

இன்றைய பேப்பரில் இருப்பது இதுதான். 1981-ல் உலக சுகாதார அமைப்பு கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு தொழுநோய் முழுசாகக் குணமாகும் நோய் ஆகிவிட்டது. நோயின் தன்மையைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை, அதுவும் இலவசம். 2005 கடைசியில் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் கீழே இந்தியா வந்தது. ஆனாலும் புதிய நோயாளிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்று நம் நாட்டுத் திருமணச் சட்டங்களில் இருந்தது. அதை நீக்கியது எப்போது தெரியுமா? 2019-ல். மருந்து வந்து முப்பத்தெட்டு ஆண்டு கழித்து! அதுவரை மோகனசுந்தரத்தின் சிலை சட்டப் புத்தகத்துக்குள்ளும் நின்றுகொண்டிருந்தது.

இதில் ஒன்றையாவது உங்கள் மோகனசுந்தரம் பேசட்டும். பிச்சை எடுக்கும் காட்சியில், போகிற வருகிறவனை வம்புக்கு இழுக்கும் அதே திமிரோடு, இது காந்தாவால் வந்த நோய் இல்லையடா, கிருமியால் வந்தது, மாத்திரை இருக்கிறது என்று அவனே சொல்லட்டும். ராதா இன்று இருந்திருந்தால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்லியிருப்பார். புண்ணும் கந்தலும் மட்டும் வேண்டாம். சபையில் உட்கார்ந்திருக்கும் நானூறு பேரில் யாருடைய சட்டைக்குள் அந்தப் படை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மேடையில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் அவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார், மறைப்பார். மறைத்தால்தான் விரல் மடங்கும்.

லால்குடிப் பக்கத்து வீட்டுக்கு ஒரு வருஷம் மாதா மாதம் போனேன். பன்னிரண்டு மாத்திரை அட்டை. அந்த மாத்திரையில் ஒன்று உடம்பைக் கருக்க வைக்கும். மூன்றாவது மாதமே அவர் முகம் கறுத்துவிட்டது, ஊரில் பேச்சு வந்தது. அந்த அம்மாள் காலி அட்டைகளை ஒன்றுகூடத் தூக்கிப் போடாமல், அரிசிப் பானைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். யார் கேட்டாலும் காட்டுவதற்கு என்றார். பன்னிரண்டாவது மாதம் கடைசி அட்டையை வாங்கிக்கொண்டபோது கேட்டார், “ஊருக்குள்ள வந்து நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீங்களா சார்? நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

போனேன். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த வகையில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு பஸ் வந்துவிட்டது.

உங்களுக்கு நானூறு பேர் கிடைக்கிறார்கள், இரண்டு மணி நேரம் விளக்கை அணைத்துக்கொண்டு. ஒத்திகை எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று அந்தப் பையனிடம் சொல்லியனுப்புங்கள். சாயங்காலங்களில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். பத்து மணிவரை இருந்து பார்ப்பேன்.

அன்புடன்,
திருவானைக்காவலில் இருந்து
உங்கள் பழைய சகநடிகன்